கூதிர்காலத்தில் குழந்தையின் பேச்சையும் மொழியையும் வீட்டிலேயே வளர்த்தல்: தாமிரபரணிப் பகுதிப் பெற்றோருக்கும் பராமரிப்பாளர்களுக்கும்

குழந்தையின் பேச்சு வளர்வதற்கு விலையுயர்ந்த பொருள்களோ தனிப்பட்ட அறையோ தேவையில்லை. குழந்தையை நேசிப்பவர் ஒருவர், அதன் முகம் பார்த்து, அது காண்பதையும் செய்வதையும் பற்றி நாள்தோறும் பேசினால் போதுமானது. புரட்டாசிக் கடைசியில் தொடங்கி மார்கழி வரை நீளும் மழைக்காலம் இதற்கு ஏற்ற காலமாகும். பண்டைத் தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றனர். மேலை நாடுகளில் இலை பழுத்து உதிரும் இந்த மாதங்களில் திருநெல்வேலிப் பகுதியில் குளங்கள் நிரம்புகின்றன; பிசான நெல் நடப்படுகிறது; வீடுகளில் கொலுவும் தீபங்களும் இடம்பெறுகின்றன. குழந்தை கண்ணால் காணும் இப்பொருள்களே அதற்கு மிக எளிதில் பதியும் சொற்களைத் தருகின்றன.

பிறந்தது முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோர், தாத்தா, ஆச்சி மற்றும் பராமரிப்பாளர்களுக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. மழைக்காலத்தில் செவித்திறனைக் காக்கும் முறையும், எப்போது, எங்கே உதவி பெறலாம் என்பதும் இதில் விளக்கப்பட்டுள்ளன.

பேச்சு, மொழி: இரண்டுக்கும் உள்ள வேறுபாடு

ஒலிகளைத் தெளிவாக எழுப்புவது பேச்சு. பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதும், தன் எண்ணத்தைச் சொல்லாலோ சைகையாலோ வெளிப்படுத்துவதும் மொழி. சில குழந்தைகள் எல்லாவற்றையும் புரிந்துகொள்வர். ஆனால் அவர்களின் உச்சரிப்பு தெளிவாக இராது. வேறு சிலர் தெளிவாக ஒலிப்பர். ஆனால் சொல்வதைப் புரிந்துகொள்ளவோ வாக்கியமாக்கவோ இயலாமல் தவிப்பர். இவ்விரண்டுக்கும் அடிப்படையாக அமைவது கேட்கும் திறன். எனவே பேச்சு தாமதமாகும் எந்தக் குழந்தைக்கும் முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் பரிசோதனையே ஆகும்.

வயதுக்கேற்ற வளர்ச்சி

எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் ஒரே படியை எட்டுவதில்லை. எனினும் கீழ்க்காண்பவை பொதுவான வழிகாட்டிகளாகும்.

- 3 மாதத்துக்குள்: உரத்த ஒலிக்கு உடல் சிலிர்க்கும், தாயின் குரலுக்கு அமைதியடையும், மென்மையாகக் குரல் எழுப்பும்.
- 6 மாதம் அளவில்: ஒலி வரும் பக்கம் திரும்பும், சிரித்து ஒலியெழுப்பி விளையாடும்.
- 9 மாதம் அளவில்: 'பப்பப்பா', 'மம்மம்மா' என ஒலிகளை அடுக்கும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பும்.
- 12 மாதம் அளவில்: விரல் நீட்டிக் காட்டும், 'டாட்டா' காட்டும், பொருளுடன் ஓரிரு சொற்களைச் சொல்லத் தொடங்கும்.
- 18 மாதம் அளவில்: 'அம்மா', 'அப்பா' தவிர வேறு சில சொற்களையும் சொல்லும், எளிய ஏவலைப் புரிந்துகொள்ளும்.
- 2 வயதில்: 'பால் வேணும்', 'தாத்தா வா' என இரு சொற்களைச் சேர்க்கும்.
- 3 வயதில்: மூன்று நான்கு சொற்களால் பேசும், வெளியார்க்கும் பெரும்பாலும் புரியும்.
- 4 முதல் 5 வயதில்: நடந்ததைக் கதையாகச் சொல்லும், 'ஏன்', 'எப்படி' எனக் கேட்கும்.

ர, ற, ழ போன்ற ஒலிகள் பல குழந்தைகளுக்குத் தாமதமாகவே கைகூடும். இவற்றை மட்டும் கொண்டு கவலைகொள்ள வேண்டியதில்லை.

எந்தச் செயலுக்கும் பொருந்தும் ஏழு முறைகள்

1. முகத்துக்கு நேரே இருங்கள். தரையில் அமர்ந்து, குழந்தையின் கண்மட்டத்தில் உங்கள் முகம் இருக்குமாறு பேசுங்கள். உதட்டசைவைப் பார்ப்பது ஒலியைக் கற்க உதவும்.
2. குழந்தை பார்ப்பதைப் பற்றிப் பேசுங்கள். அது தவளையைப் பார்க்கும்போது நீங்கள் நிறங்களைக் கற்பிக்க முயல வேண்டாம். "தவளை! தாவுது!" என்று கூறுங்கள்.
3. காத்திருங்கள். ஒன்றைச் சொன்னபின் மனத்துக்குள் 5 முதல் 10 வரை எண்ணுங்கள். மறுமொழிக்குக் குழந்தைக்கு நம்மைவிட அதிக நேரம் தேவை. பார்வை, சைகை, ஒலி ஆகிய அனைத்தும் மறுமொழிகளே.
4. ஒரு சொல் கூட்டுங்கள். குழந்தை "மழை" என்றால், நீங்கள் "மழை வருது" என்று சொல்லுங்கள். "மழை வருது" என்றால், "பெரிய மழை வருது" என்று சொல்லுங்கள்.
5. தேர்வு கொடுங்கள். "பால் வேணுமா?" என்பதற்குத் தலையசைத்தால் போதும். "பால் வேணுமா, பழம் வேணுமா?" என்பதற்கு ஒரு சொல் தேவைப்படும்.
6. பிழையைச் சுட்டாமல் சரியாகத் திருப்பிச் சொல்லுங்கள். குழந்தை "தத்தை" என்று நத்தையைக் காட்டினால், "ஆமா, நத்தை! நத்தை ஊருது" என்று சொல்லுங்கள். 'அப்படியில்லை, இப்படிச் சொல்லு' என வற்புறுத்தினால் பல குழந்தைகள் பேசுவதையே குறைத்துக்கொள்ளும்.
7. கேள்விகளைக் குறையுங்கள். 'இது என்ன? அது என்ன?' எனத் தொடர்ந்து கேட்பது தேர்வு வைப்பதாகும். ஒரு கேள்விக்கு முன் மூன்று நான்கு செய்திகளையாவது நீங்கள் சொல்லுங்கள்.

வீட்டில் நீங்கள் இயல்பாகப் பேசும் மொழியிலேயே பேசுங்கள். நெல்லை வட்டார வழக்கு குழந்தைக்கு எவ்வகையிலும் குறைவானதன்று. ஏட்டுத் தமிழைப் பள்ளியும் புத்தகமும் பின்னர் கற்றுத்தரும். ஒரு நாளில் நீண்ட பயிற்சி ஒன்றைச் செய்வதைவிட, குளிப்பாட்டும்போதும் உணவூட்டும்போதும் ஐந்து பத்து நிமிடங்களாகப் பலமுறை செய்வது பயனளிக்கும்.

மழையைக் கேட்டல்

மழை நாளில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, குழந்தையை மடியில் இருத்தித் திண்ணையிலோ ஜன்னலருகிலோ அமருங்கள். ஓட்டில் விழும் மழைக்கு ஓர் ஒலி உண்டு, தகரத்துக்கு வேறு, வாழை இலைக்கு வேறு. "கேளு... சோன்னு பெய்யுது" என்று காதைத் தொட்டுக் காட்டுங்கள். ஒலியைக் கூர்ந்து கேட்கவும் வேறுபடுத்தவும் கற்கும் குழந்தை, பின்னர் சொற்களின் ஒலிகளையும் வேறுபடுத்தும்.

தமிழில் ஒலியையே சொல்லாக்கும் இரட்டைச் சொற்கள் ஏராளமாக உள்ளன: சளசள, சொட்டுச்சொட்டு, மடமட, படபட. பேசத் தொடங்காத குழந்தைகளும் இவற்றை விரும்பிப் பின்பற்றுவர். இவை சொல்லின் முதற்படி என்பதால், சரியான சொல்லைத்தான் சொல்ல வேண்டுமெனக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

- ஒரு வயது வரை: உள்ளங்கையில் சில துளி நீரை விட்டு "சொட்டு... சொட்டு..." எனக் கூறி நிறுத்துங்கள். குழந்தை உங்களைப் பார்த்தாலோ குரல் கொடுத்தாலோ மீண்டும் விடுங்கள். உரையாடலில் முறை மாறிப் பேசுவதன் தொடக்கம் இதுவே.
- 1 முதல் 3 வயது: காகிதக் கப்பல் செய்து வீட்டு வாளியிலோ அகன்ற பாத்திரத்திலோ விடுங்கள். "ஒண்ணு, ரெண்டு..." என்று சொல்லிக் காத்திருங்கள், "மூணு" என்பதைக் குழந்தை சொல்லட்டும். மிதக்குது, முங்குது, உள்ளே, வெளியே, ஈரம், காய்ஞ்சது ஆகிய சொற்கள் இயல்பாக வரும்.
- 3 முதல் 6 வயது: தூறல், சாரல், அடைமழை, இடி, மின்னல் ஆகியவற்றின் வேறுபாட்டைப் பேசுங்கள். பொதிகை மலையில் பெய்யும் மழை பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளுக்கு வந்து, ஆறாகி, கால்வாய் வழியே வயலுக்கும் குளத்துக்கும் சென்று, இறுதியில் புன்னைக்காயல் அருகே கடலில் கலப்பதைக் கதையாகச் சொல்லுங்கள். 'முதல்ல', 'அப்புறம்', 'கடைசியில' என்னும் வரிசைச் சொற்களை இக்கதை கற்பிக்கும்.

விளையாடிய நீரை அன்றே கொட்டிவிடுங்கள். தேங்கிய நன்னீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

பிசான நடவும் வரப்பும்

கால்வாய்களில் நீர் திறக்கப்பட்டபின் கன்னடியன் கால்வாய், பாளையங்கால்வாய்ப் பாசனப் பகுதிகளில் உழவும் நாற்றும் நடவுமாக வயல்கள் மாறுகின்றன. பேருந்தில் செல்லும்போதோ, ஊர்ப் பாதையில் நடக்கும்போதோ குழந்தைக்கு இதைக் காட்டுங்கள். நாற்று, சேறு, வரப்பு, டிராக்டர், கொக்கு, நண்டு என்பன பெயர்ச்சொற்கள். நடுது, பறக்குது, கொத்துது, வழுக்குது என்பன வினைச்சொற்கள். பெயர்ச்சொற்களை மட்டும் கற்பிப்பது பெற்றோரிடம் பொதுவாகக் காணப்படும் பழக்கம். வினைச்சொல் இல்லாமல் வாக்கியம் அமையாது. ஆகவே ஒவ்வொரு பெயருடனும் ஒரு வினையைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

வயல் அருகில் இல்லாதவர்கள் வீட்டிலேயே விதைக்கலாம். அடியில் துளையிட்ட சிரட்டையில் மண் நிரப்பி, வெந்தயம் அல்லது பச்சைப்பயறு விதையுங்கள். சில நாள்களில் முளை தெரியும். காலைதோறும் பார்த்து, "நேத்து சின்னது, இன்னைக்குப் பெரிசு, நாளைக்கு இலை வரும்" என்று பேசுங்கள். காலத்தைக் குறிக்கும் சொற்கள் கருத்தளவில் கடினமானவை; கண்முன் வளரும் செடி அவற்றை எளிதாக்கும்.

பனை மிகுந்த ஊர்களில் இதைவிட நீண்ட விளையாட்டு ஒன்று உள்ளது. பழம் தின்றபின் பனங்கொட்டையைக் குழந்தையுடன் சேர்ந்து மண்ணில் புதைத்து, அந்த இடத்தை அடையாளம் வையுங்கள். பொங்கலை ஒட்டி அது பனங்கிழங்காகி வெளிவரும். இடைப்பட்ட மாதங்களில் "உள்ளே என்ன நடக்குது?" எனக் கேட்டு ஊகிக்கச் செய்யலாம். கண்ணுக்குத் தெரியாததைப் பற்றிப் பேசுவது, 4 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் மொழியை ஒரு படி உயர்த்தும்.

கொலு, தசரா, கார்த்திகை, கிறிஸ்துமஸ்

கொலுப்படி இடத்தைக் குறிக்கும் சொற்களுக்கு ஏற்றது: மேலே, கீழே, நடுவில, பக்கத்தில, பின்னால. உடையாத பொம்மைகள் சிலவற்றைக் கீழ்ப்படியில் வைத்து, "யானையை மாடு பக்கத்தில வை" என ஏவுங்கள். பின்னர் குழந்தை உங்களுக்கு ஏவட்டும். நீங்கள் வேண்டுமென்றே தவறாக வைத்தால், திருத்துவதற்காகவே அது பேசும். கொலு வைக்காத வீடுகளில் சமையலறைச் சாமான்களை அடுக்கி இதையே செய்யலாம்.

குலசேகரன்பட்டினம் தசராவில் பக்தர்கள் பலவகை வேடம் அணிந்து ஊர்தோறும் வருவதைக் குழந்தைகள் பார்த்திருப்பர். ஒரு துண்டும் அட்டைக் கிரீடமும் கொடுத்தால் அதையே வீட்டில் நடிப்பர். ராஜா, போலீஸ், டாக்டர், கடைக்காரர் என நடிக்கும் பாவனை விளையாட்டு, மொழி வளர்ச்சியுடன் நெருங்கிய தொடர்புடையது. நீங்களும் ஒரு பாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள். வேடமும் மேளமும் சில குழந்தைகளை அச்சுறுத்தும். அஞ்சும் குழந்தையை அருகே இழுக்காமல், தொலைவிலிருந்து காட்டி, "பயமா இருக்கு" என அதன் உணர்வுக்குச் சொல் கொடுங்கள்.

திருக்கார்த்திகையன்று தென்மாவட்ட வீடுகளில் பனை ஓலைக் கொழுக்கட்டை செய்வது வழக்கம். மாவில் வெல்லமும் தேங்காயும் சேர்ப்பது, பிசைவது, ஓலைக்குள் வைப்பது, கட்டுவது, அவிப்பது, பிரிப்பது என ஆறு படிகள் இதில் உள்ளன. பிசையும் வேலையைக் குழந்தைக்குக் கொடுங்கள். ஓலையை ஒரு முறை மட்டும் கொடுக்காமல் காத்திருந்தால், "ஓலை" அல்லது "தா" என அது கேட்க வாய்ப்பு உண்டாகும். மறுநாள், முந்தைய நாள் எடுத்த படங்களைக் கைபேசியில் காட்டி, என்ன செய்தோம் என்பதைச் சொல்லச் செய்யுங்கள். ஏற்றிய அகல் விளக்கும் அடுப்பும் எப்போதும் குழந்தையின் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் அமைக்கும் வீடுகளிலும் இவ்வாறே ஆடு, மாடு, வைக்கோல், நட்சத்திரம் என்று பேசி அடுக்கலாம். உங்கள் வீட்டு வழக்கத்துக்கு உரிய விழா எதுவாயினும் முறை ஒன்றே.

பறவைகளும் பாயும்

நாங்குநேரி அருகிலுள்ள கூந்தன்குளம் சரணாலயத்துக்கு மழைக்காலத்தின் பிற்பகுதியிலிருந்து நீர்ப்பறவைகள் பெருமளவில் வருகின்றன. கூழைக்கடாவும் நாரைகளும் ஊருக்குள் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அங்குச் செல்ல இயலாதவர்கள் ஊர்க்குளத்துக் கொக்குகளைக் காட்டினால் போதும். நீளமான மூக்கு, குட்டைக் கால், நிறைய, கொஞ்சம், தனியா, கூட்டமா என ஒப்பிடும் சொற்களுக்கு இது நல்ல வாய்ப்பாகும்.

வெளியே செல்ல இயலாத அடைமழை நாளில், தரையில் பாயை விரியுங்கள். பத்தமடைப் பாய் இருந்தால், அது ஆற்றங்கரைக் கோரையில் நெய்தது என்று சொல்லுங்கள். பாய்க்குள் ஒளிந்து வெளிப்படுதல், பாயைப் படகாக்கித் துடுப்பிடுதல், சுருட்டுதல், விரித்தல் என அனைத்தும் சொற்களுடன் கூடிய விளையாட்டாகும். சுருட்டும்போது குழந்தையின் முகம் மூடாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

கதையும் 'உம்' கொட்டுதலும்

மின்சாரம் நின்ற மழை இரவில் ஆச்சியோ தாத்தாவோ சொல்லும் கதையை 'உம்' கொட்டிக் கேட்பது நம் வழக்கம். கேட்பவர் 'உம்' சொல்லாவிட்டால் கதை நின்றுவிடும். பேச்சு மொழிப் பயிற்சியில் 'முறை மாறிப் பேசுதல்' எனப்படுவது இதுவே ஆகும். சொற்களால் பேச இயலாத குழந்தையும் 'உம்' கொட்டிக் கதையில் பங்கேற்கும். ஒரே கதையைப் பலமுறை சொல்லுங்கள். தெரிந்த இடத்தில் நிறுத்தினால் குழந்தை நிரப்பும்.

4 வயதுக்கு மேல் விடுகதைகளைத் தொடங்கலாம். நெல்லைப் பகுதியில் இவற்றை அழிப்பாங்கதை என்பர். நீங்களே எளிதாக ஒன்றைக் கட்டலாம்: "நனைஞ்சா சந்தோஷப்படுவான், ராத்திரி எல்லாம் கத்துவான், கரையில குதிப்பான்; அவன் யாரு?" விடை தவளை. விடையைவிட, ஒரு பொருளை அதன் இயல்புகளால் விளக்கக் கற்பதே இங்குப் பயன். பின்னர் குழந்தையே ஒன்றைக் கட்டட்டும்.

வேலைக்கு நடுவே பேசுதல்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் பல தாய்மார்கள் வீட்டில் பீடி சுற்றுகின்றனர். கை ஓயாத இவ்வேலையில் தனியாக விளையாட நேரம் கிடைப்பதில்லை. எனினும் பேச்சுக்குக் கை தேவையில்லை. குழந்தையைச் சற்றுத் தள்ளி, எதிரே அமர்த்தி, சிரட்டை, கரண்டி, மூடி போன்றவற்றை விளையாடக் கொடுத்து, அது செய்வதைச் சொல்லிக்கொண்டே இருங்கள்: "மூடி திறந்துட்ட... உள்ளே போட்டுட்ட... சத்தம் வருது." புகையிலைத் தூளும் இலையும் உள்ள சுளகு குழந்தையின் கைக்கோ மூச்சுக்கோ எட்டக் கூடாது. கை கழுவிய பின்னரே குழந்தையைத் தொட்டு உணவூட்டுங்கள்.

தந்தை வளைகுடா நாட்டிலோ மும்பையிலோ சென்னையிலோ பணிபுரியும் குடும்பங்களில், காணொளி அழைப்பை வெறும் நலம் விசாரிப்பாக விடாதீர்கள். அன்று செய்த கப்பலையோ முளைத்த செடியையோ குழந்தை அப்பாவுக்குக் காட்டட்டும். அப்பாவுக்கு அது தெரியாது என்பதால், சொல்லும் தேவை குழந்தைக்கு உண்மையாகவே ஏற்படும்.

திரை நேரம்

மழையால் வீட்டில் அடைபடும்போது கைபேசியைக் கொடுப்பது எளிது. ஆனால் திரை குழந்தையின் மறுமொழிக்குக் காத்திருப்பதில்லை. ஒரு வயதுக்குட்பட்டோருக்குத் திரை கூடாது என்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்துள்ளது. 2 வயதுக்குள் உறவினருடன் காணொளி அழைப்பு தவிர வேறு திரையைத் தவிர்ப்பது நல்லது. யாரும் பார்க்காத தொலைக்காட்சியின் ஒலியும் உங்கள் பேச்சைக் குழந்தையிடமிருந்து மறைக்கும்.

மழைக்காலத்தில் காது

இப்பருவத்தில் சளி மிகுதி. சளியைத் தொடர்ந்து நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வது சிறு குழந்தைகளுக்கு அடிக்கடி நிகழ்கிறது. அப்போது காதை மூடிக்கொண்டு கேட்பதுபோலக் குழந்தைக்குக் கேட்கும். வலி இல்லாமலும் இருக்கலாம். முன்பு திரும்பிய குழந்தை இப்போது திரும்பவில்லை, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுகிறது, 'என்ன?' எனக் கேட்கிறது, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்றால், அதைப் பிடிவாதம் என்று முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும் இந்நீர் தானாகவே வற்றிவிடும். 3 மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, அடிக்கடி திரும்ப வந்தாலோ செவித்திறன் பரிசோதனை அவசியம். அதுவரை, அருகில் வந்து, முகம் பார்த்து, தெளிவாகப் பேசுங்கள்.

- காதில் எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால் முதலிய எதையும் ஊற்றாதீர்கள். பஞ்சுக்குச்சி, ஊக்கு ஆகியவற்றால் குடையாதீர்கள்.
- காதில் சீழ், கடும் வலி, காய்ச்சல் இருந்தால் உடனே மருத்துவரை அணுகவும்.
- பாலூட்டும்போது குழந்தையின் தலை சற்று உயர்ந்திருக்கட்டும். வீட்டுக்குள் புகைபிடிப்பதைத் தவிர்க்கவும். புகை, காது நோயை மிகுவிக்கும்.
- வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலை மீறும் பட்டாசுகளுக்கு இந்தியாவில் தடை உள்ளது. தடைக்குட்பட்ட அளவும் கைக்குழந்தைக்கு மிகுதியே. தீபாவளியன்று கைக்குழந்தைகளை உள்ளறையில் வைத்திருங்கள். வெடிச்சத்தத்துக்குப்பின் காதில் இரைச்சலோ கேட்பதில் குறைவோ தெரிந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கவும்.

கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகள்

காது கேட்கும் கருவியும், காக்ளியர் கருவியின் வெளிப்பகுதியும் ஈரத்தால் பழுதடையும். மழையில் நனையாமல் காத்து, இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் உள்ள மூடிய பெட்டியில் வையுங்கள். கருவியின் சிறு பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் அது உயிருக்கு ஆபத்தானது. சற்றும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லவும்.

சைகை மொழி பயன்படுத்தும் குழந்தைக்கும் இப்பக்கத்தின் விளையாட்டுகள் அனைத்தும் பொருந்தும். மழை, தவளை, விளக்கு ஆகியவற்றைச் சைகையில் சொல்லுங்கள். சைகை பேச்சைத் தடுப்பதில்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை, இரு பொருள்களுள் ஒன்றைக் கண்ணால் பார்த்தே தேர்வு செய்யலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு மேளமும் வெடியும் பெருந்துன்பம் தரலாம். விழா நாளில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே படங்களாகக் காட்டுங்கள். விலகி அமர ஓர் இடம் கொடுங்கள்.

அடிக்கடி எழும் கேள்விகள்

ஆண் குழந்தை தாமதமாகத்தான் பேசுமா? ஆண், பெண் குழந்தைகளிடையே உள்ள வேறுபாடு சிறிதே. 'இவன் அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்' என்று காத்திருப்பது, பரிசோதனையைத் தள்ளிப்போடக் காரணமாகக் கூடாது.

நாக்கில் வசம்பு தேய்த்தால் பேச்சு வருமா? வராது. பச்சிளங்குழந்தைக்கு வசம்பு கொடுப்பதால் வாந்தி உள்ளிட்ட தீங்கு நேரலாம்.

நாக்கின் அடியில் உள்ள சவ்வை வெட்ட வேண்டுமா? பேச்சுத் தாமதத்துக்கு இது பெரும்பாலும் காரணமன்று. மருத்துவர் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் இரு மொழிகள் பேசினால் குழப்பமா? இல்லை. இரு மொழிகள் கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் பேசுங்கள். குழந்தைக்காகத் தெரியாத ஆங்கிலத்துக்கு மாற வேண்டாம்.

எப்போது உதவி பெற வேண்டும்?

கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருப்பினும், மழை முடியட்டும், பண்டிகை முடியட்டும் என்று காத்திராமல் அணுகவும்.

- எந்த வயதிலும் ஒலிக்குத் திரும்பவில்லை, அல்லது கேட்கவில்லை என்னும் ஐயம்.
- 12 மாதத்தில் மழலை ஒலியோ, விரல் நீட்டிக் காட்டுதலோ இல்லை.
- 18 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை.
- 2 வயதில் இரு சொற்களைத் தானாகச் சேர்க்கவில்லை.
- 3 வயதில் பேச்சு வெளியார்க்குப் பெரும்பாலும் புரியவில்லை.
- திக்குதல் 6 மாதத்துக்கு மேல் நீடிக்கிறது, அல்லது குழந்தை பேச அஞ்சுகிறது.
- முன்பு சொன்ன சொற்களையோ பழகிய சைகைகளையோ எந்த வயதிலாவது இழக்கிறது.

செவித்திறன் பரிசோதனை பிறந்த 1 மாதத்துக்குள்ளும், குறை உண்டா என்னும் உறுதிப்பாடு 3 மாதத்துக்குள்ளும், சிகிச்சைத் தொடக்கம் 6 மாதத்துக்குள்ளும் அமைவது சிறந்தது. இக்காலம் கடந்திருந்தாலும் இன்று தொடங்குவது பயன் தரும். ஆயினும் முதல் மூன்று ஆண்டுகளில் மூளை மொழியை ஏற்கும் ஆற்றல் மிகுதி. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் குழந்தைக்கு இழப்பாகும்.

எங்கே அணுகலாம்?

- அங்கன்வாடி மையமும் ஆரம்ப சுகாதார நிலையமும்: 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டறியுங்கள்.
- மாவட்ட ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையம்: மேற்கண்ட குழு பரிந்துரைக்கும் குழந்தைகளுக்கு மேல் பரிசோதனையும் பயிற்சியும் இங்குக் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன.
- திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள இம்மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவையும் காது மூக்கு தொண்டைப் பிரிவையும் அணுகலாம். ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்வோர் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும், தென்காசி மாவட்டத்தினர் அங்குள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனையையும் அணுகலாம்.
- முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: கடுமையான கேள்குறை உள்ள, தகுதியுடைய இளங்குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை இத்திட்டத்தில் அடங்கும். இதற்கு வயது வரம்பு உண்டு என்பதால் விரைந்து விண்ணப்பிக்கவும்.
- தொண்டு நிறுவனங்களும் சிறப்புப் பள்ளிகளும்: தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர்கள் வாயிலாக வீடு தேடிச் சென்று ஆரம்பகால இடையீட்டுப் பயிற்சி அளிக்கிறது, பெற்றோரே நாள்தோறும் செய்யும் பயிற்சி அதன் அடிப்படை. பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட பிளாரன்ஸ் சுவெய்ன்சன் காது கேளாதோர் பள்ளி இன்றும் கல்வி அளித்து வருகிறது.
- 104: தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண். எங்குச் செல்வது என்பதில் ஐயம் இருந்தால் அழைக்கவும்.

மருத்துவரிடம் செல்லும்போது, குழந்தை சொல்லும் சொற்களின் பட்டியலையும், அது விளையாடும் ஒரு சிறு காணொளியையும் எடுத்துச் செல்லுங்கள். புதிய இடத்தில் பேச மறுக்கும் குழந்தையின் இயல்பான நிலையை அறிய இவை உதவும்.

பாதுகாப்புக் குறிப்பு

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டது. வெள்ளக் காலத்தில் ஆறு, கால்வாய், படித்துறை, நிரம்பிய குளம் ஆகியவற்றின் அருகே குழந்தையை அழைத்துச் செல்லாதீர்கள். தெருவில் ஓடும் நீரில் கப்பல் விட அனுமதிக்காதீர்கள். சிறு குழந்தைக்கு வாளி நீரும் ஆபத்தானது என்பதால், நீர் விளையாட்டின்போது ஒருவர் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்க வேண்டும்.

இப்பக்கத்தில் தரப்பட்டுள்ள செய்திகள் பொதுவான வழிகாட்டுதலுக்காக மட்டுமே. இவை மருத்துவர், செவித்திறன் வல்லுநர், பேச்சு மொழிப் பயிற்றுநர் ஆகியோரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.